காரணம் எழுத வேண்டிய கட்டம்

படிவத்தில் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கட்டத்தில், பாடத்திட்டத்தில் இப்போது இருக்கும் வரி: 'மாணவியர் கடற்பயணத்துக்குப் பதிலாக ரெக்கார்ட் நோட்டு சமர்ப்பிக்கலாம்.'

இரண்டாவது கட்டத்தில், அவள் கேட்கும் மாற்றம்: 'இவ்வரி நீக்கப்படுகிறது. மாணவர், மாணவியர் அனைவரும் படகில் செல்ல வேண்டும்.'

மூன்றாவது கட்டத்துக்குத் தலைப்பு, காரணம்.

காரணமாம், காரணம்! கடல் உயிரியல் படிக்க வந்த பிள்ளை கடலுக்குப் போவதற்கு ஒரு காரணம்!

எழுதிப் பார்க்காமலும் இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் பாடத்திட்டத்தில் கை வைக்க விடுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு 'தற்காலத் தேவை' என்று எழுதினாள். அடுத்த தடவை 'செய்முறை அறிவு மேம்படும்' என்று எழுதினாள். துறையின் பாடத்திட்டக் குழு இரண்டு தடவையும் ஒப்புக்கொண்டது. மேலே இருக்கிற கல்விப் பேரவை இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியது.

சிவப்பு மையில் ஒரே வரி. 'காரணம் போதாது.'

இந்தத் தடவையும் திரும்பி வந்தால் இன்னும் மூன்று செட் பெண்கள் கரையில் உட்கார்ந்து, பையன்களின் நோட்டைப் பார்த்துப் படம் வரைவார்கள்.

மேஜையைச் சுற்றிக் குழுவில் அவளோடு சேர்த்து நான்கு பேர். நடுவில் மிக்சர்த் தட்டு. பதினொரு மணிக் காபி வந்துவிட்டதால் எல்லோருக்கும் நல்ல மனசு. ஆறு மாற்றங்கள் பத்தே நிமிஷத்தில் ஒப்புதல் ஆகிவிட்டன. ஏழாவது இவளுடையது.

"காரணம் எழுதலையே, இசக்கி மேடம்" என்றார் துறைத்தலைவர் மரியநேசன்.

எதிரே தாணுலிங்கம் சார். வெளியிலிருந்து வந்திருக்கும் வல்லுநர். பேருக்குத்தான் வெளி. ஓய்வு பெறும்வரை இந்தத் துறைக்கே தலைவராக இருந்தவர். முதல் கட்டத்து வரியை எழுதியதே அவர்தான். அப்போது அவள் இங்கே மாணவி.

அவர் மிக்சரில் வேர்க்கடலையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "பொம்பளப் பிள்ளைங்க. நடுக்கடல்ல ஒண்ணுன்னா யாரு பதில் சொல்ல? அதுக்குத்தான் அன்னைக்கு அப்படிப் போட்டது."

கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

அவளுக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கிற பிளாங்க்டன் வலையை எப்படி இறக்குவது, இழுக்கும்போது படகு எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும், கயிறு எப்போது கையில் பாரமாகும், அத்தனையும் சொல்லுவாள். இசக்கி மேடம் வகுப்பில் உட்கார்ந்தால் கால் நனையும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்க அவளுக்கு உள்ளூரப் பெருமை. பெருமைக்கு அடியில் ஒரு பயம். யாராவது கேட்டுவிடுவார்களோ?

யாரும் கேட்டதில்லை.

அவளும் சொன்னதில்லை.

"சார்" என்றாள்.

"நான் இதுவரைக்கும் படகுல ஏறினதே இல்ல."

வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"படிக்கும்போது கரையில உட்கார்ந்து எழுதினேன், சார். வேலைக்கு வந்த பிறகும் பையன்களோட ஆம்பள வாத்தியார்தான் போவார். நான் நடத்துறதெல்லாம் அடுத்தவங்க நோட்டுல பார்த்தது."

மரியநேசனுக்கு ஏகச் சங்கடம். "சரி, சரி. அதையெல்லாம் எழுத வேண்டாம், மேடம். பேரவையில நாப்பது பேர் வாசிப்பாங்க. வேற ஏதாவது நல்லதா போடுங்க."

நல்லதாகத்தான் இரண்டு தடவை போட்டாயிற்றே!

நாற்பது பேர். அதில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். நாளைக்கே கேன்டீனில் சிரிப்பார்கள். கரை மேடம் என்று பட்டப்பெயர் வைப்பார்கள். அதெல்லாம் இங்கே நன்றாக வைப்பார்கள். நினைக்கும்போதே முகம் எரிந்தது.

எழுதினாள்.

'பாட ஆசிரியரான நான் இதே பாடத்தை இங்கேயே படித்தேன். பதினாறு ஆண்டுகளாக நடத்துகிறேன். கடலுக்குள் சென்றதில்லை.'

கட்டம் நிறைந்துவிட்டது. வரி கொஞ்சம் கோணல்.

தாணுலிங்கம் சார் தாளைத் தன் பக்கம் இழுத்தார். வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"உன் ரெக்கார்ட் நோட்டுக்கு நாந்தான மார்க் போட்டேன்?"

"பத்துக்குப் பத்து, சார்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கே பாவமாக இருந்தது. அவர் பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்.

'பாட ஆசிரியை உடன் செல்வார்.'

கையெழுத்துப் போட்டார். "இதத் திருப்பி அனுப்பட்டும், பாப்போம்."

மரியநேசனும் போட்டார்.

கடைசியாகத் தாள் ரெக்ஸிடம் வந்தது. வருஷா வருஷம் பையன்களைப் படகில் கூட்டிப் போகிறவர் அவர்தான். சின்ன வயசு. கையெழுத்தைப் போட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார். கேலி இல்லை, நிஜமான கவலை.

"மேடம், மொத தடவ போறவங்களுக்குக் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி வரும்."

"வரட்டுமே!" என்றாள்.