பொறுப்பாளர் கையெழுத்து

"அம்மா, நான்தாம்மா!" என்று தொலைபேசியில் விம்முவதுதான் கட்சுயாவின் தொழில். பெயரை மட்டும் அவன் சொல்லவே மாட்டான். எதிர்முனையில் இருக்கும் வயதானவர்களே அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஒகாயாமா நகரில் தனியாக இருந்த எண்பத்திரண்டு வயது சிஸுவே அம்மாளும் எடுத்துக் கொடுத்தார்.

"யாரு... ஷூஜியா?"

"ஆமாம்மா, ஷூஜியேதான்!"

"குரல் ஏன்டா இப்படி இருக்கு?"

"சளிம்மா."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு விபத்தைச் சொல்லிப் பணம் கேட்பான். அதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டார். கண்ணில் புரை, முழங்காலில் வலி. இனித் தனியாக இருக்க முடியாது. நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் போதும், "வீட்டு விஷயம் எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி வச்சிருக்கேன். சேர்ற அன்னிக்கு உன் கையில குடுத்துடறேன்" என்றார்.

சில்லறைக்குத் தூண்டில் போட்ட இடத்தில் வீடே மாட்டியிருக்கிறது! கட்சுயாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. தொலைபேசிப் பட்டியலில் இருந்த முகவரியைப் பார்த்து, மறுநாள் காலை முதல் ரயிலில் போய்ப் பிள்ளையாக வாசலில் நின்றான். சிஸுவே அம்மாள் அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "இளைச்சுட்டேடா" என்றார். தாய்ப்பாசத்துக்குத்தான் என்ன கூர்மை!

முதல் இல்லத்தில் அந்த அம்மாள் கழிவறைக்குள் போய், உதவிக்கு இழுக்கும் கயிற்றை இழுத்துவிட்டு எண்ணத் தொடங்கினார்.

"முந்நூறு எண்ணிட்டேன், ஒரு ஈ காக்கா வரல. நிஜமா விழுந்திருந்தா இந்நேரம் என்னை எரிச்சே இருப்பாங்க. அடுத்த இடம் போலாம்டா."

இரண்டாவது இடத்தில், பல் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே கஞ்சி. மூன்றாவது இடத்தில் அங்கிருந்த கிழவிகளின் கையைப் பிடித்துப் பிடித்துக் குசலம் விசாரித்துவிட்டு வெளியே வந்தார்.

"ஒருத்திக்கும் நகம் வெட்டி விடலடா."

"நகத்துல என்னம்மா இருக்கு?"

"நகத்தையே கவனிக்காதவங்க நாளைக்கு என்னையா கவனிப்பாங்க?"

ஒவ்வொரு வாசலிலும் மண்டியிட்டு அந்த அம்மாளின் காலணியைக் கழற்றி மாட்டியதில் கட்சுயாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நிஜப் பிள்ளையாக இருந்தால் முதல் இல்லத்திலேயே கைகழுவியிருப்பான். கொள்ளையடிக்க வந்தவனுக்கு அந்தச் சலுகை ஏது? பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் தூக்கினான்.

நான்காவது இல்லத்தில் கயிற்றை இழுத்தார். பத்து எண்ணுவதற்குள் ஆள் வந்தது. சோறு பதமாக இருந்தது, நகங்கள் ஒழுங்காக இருந்தன. "இங்கேயே இருக்கேன்டா" என்றார். கட்சுயாவின் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"நீங்க குடுத்து வச்சவங்கம்மா! இவ்வளவு பொறுமையான பிள்ளைய நான் பாத்ததே இல்ல" என்று நிர்வாகி கவாய் அம்மையார் ஒரு படிவத்தை நீட்டினார். "பொறுப்பாளர் கையெழுத்து வேணும் சார். அது இல்லாம யாரையும் சேர்க்கறதில்ல. உங்க ஓட்டுநர் உரிமத்தையும் குடுங்க, நகல் எடுத்துக்கறேன்."

கட்சுயா சட்டைப்பையைத் தடவித் தேடுவதுபோல் நடித்தான். உரிமத்தில் ஷூஜியும் இல்லை, சிஸுவே அம்மாளின் குடும்பப் பெயரான முரோட்டாவும் இல்லை. ஒகினோ கட்சுயா என்று சொந்தப் பெயர்தான் இருந்தது.

சிஸுவே அம்மாள் பெருமூச்சு விட்டார். "பேரு வேறயா இருக்கும்மா. பொண்டாட்டி வீட்டோட மாப்பிள்ளையாப் போனவன். குடும்பப் பேரா அவங்க பேரையே எடுத்துக்கிட்டான், மிச்சத்தை ஜோசியக்காரன் மாத்திட்டான். விடுங்க, பேரு போனாலும் பிள்ளை இல்லன்னு ஆயிடுமா?"

பொய்யைக்கூட நமக்காக யோசித்துச் சொல்லும் இரை எத்தனை பேருக்குக் கிடைக்கும்! கட்சுயா சொந்தப் பெயரில், சொந்த முகவரியோடு கையெழுத்துப் போட்டான். மடியில் இருந்த ஊதாத்துணி மூட்டையை சிஸுவே அம்மாள் அவன் கையில் வைத்தார்.

"இனி அம்மாவுக்கு எதுன்னாலும் உங்களைத்தான் தேடுவோம்" என்றார் கவாய் அம்மையார். "ஆஸ்பத்திரி, கடைசிக் காரியம், அஸ்தி வாங்கறது வரைக்கும்."

"அது என் கடமை" என்று குனிந்து வணங்கினான் கட்சுயா.

ரயில் நகர்ந்ததும் முடிச்சை அவிழ்த்தான். மேலே ஒரு சாவி. அதனோடு வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம்: 'வாடகைக்கு இருப்பவர் சொன்னபடி இம்மாதக் கடைசிக்குள், சாமான்களை எல்லாம் பொறுப்பாளர் காலி செய்து தரவேண்டும்.'

கீழே, புரை விழுந்த கண்ணால் எழுதவே முடியாத பொடி எழுத்தில் ஒரு சீட்டு: 'ஞாயிறுதோறும் வந்துவிடு. வரும்போது கமலா ஆரஞ்சு வாங்கி வா. வராவிட்டால் போலீஸ் தேடி வரும். நீ யாரென்று அவர்களிடம் நீயே சொல்லிக்கொள்.'

அடியில் மடித்து வைத்திருந்தது நகராட்சி கொடுத்த குடும்பப் பதிவேட்டின் நகல். முரோட்டா சிஸுவே, கணவர் இறந்துவிட்டார் என்று இருந்தது. அதற்குப் பிறகு பிள்ளை என்று ஒரு பெயரும், எந்தக் காலத்திலும், அதில் எழுதப்பட்டிருக்கவே இல்லை.