நாலாவது வெட்டு

பட்டறையில் மூன்று பேர் இருந்தார்கள். செதுக்குகிறவர் ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்திருந்தார். முலாம் போடும் தங்கை தொட்டியருகே முக்காலியில் இருந்தாள். படக் கம்பெனிக்குச் சாமான் கொண்டுபோகும் அவள் புருஷன், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் குந்தியிருந்தான்.

செதுக்குகிறவர் கையில் படத்துக்கான பொன்முலாம் துப்பாக்கி இருந்தது. குழாயில் துளையே இல்லாத வார்ப்புப் பொம்மை அது. வில்லன் கொல்லும் ஆளுக்கு ஒன்றாக அதன் பிடியில் வெட்டுப் போடச் சொல்லியிருந்தார்கள். தொண்டை கிழிந்து செத்தவனுக்கு ஒன்று, வயிறு சிதறியவனுக்கு ஒன்று, பிடரியில் சுடப்பட்டவனுக்கு ஒன்று. அவர் மூன்றுதான் போட்டார். முலாம் தொட்டியிலிருந்து அது நாலு வெட்டோடு வந்தது. ஈயம் வைத்து அடைத்து, தேய்த்து, மறுபடி முக்கினார்கள். மறுபடியும் நாலு.

"கதையில மூணு பேர்தானே மாப்பிள்ளை?"

"மூணு பேரும் செத்தாச்சு மச்சான். இன்னைக்கு வெறும் ஒத்திகை. துப்பாக்கிக்கு எதிர்ல நடிகருக்குப் பதிலா நிக்கப்போறது நான்தான்."

"நீங்க நிக்க வேணாம்," என்றாள் தங்கை.

"உன் கரண்டிக்கே பயப்படாதவன், இந்தப் பொம்மைக்கா பயப்படுவேன்?"

செதுக்குகிறவருக்கு மனசு கேட்கவில்லை. இதை யார்மேலும் நீட்ட வேண்டாம் என்று டைரக்டருக்கு நீல மையில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மாப்பிள்ளையின் சட்டைப் பையில் தானே செருகினார்.

அவன் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வண்டியை உதைத்தான். பிறகு குனிந்து பார்த்தான். உறை அடியிலிருந்து மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

"என்ன மச்சான், சிவப்பு மையா? இப்படியா ஊறும்?" என்று சிரித்துவிட்டு, கடிதத்தோடு தெருமுனை திரும்பினான்.