பொத்தான் இல்லாத சட்டைகள்

தலையணைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள் டெய்லரம்மா.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த மெக்கானிக் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். மனைவி தலையணைக்குச் சட்டை போடுவது அவனுக்கு வேடிக்கையாகப் படவில்லை. அவன் பார்த்தது அவள் கைகளை. பத்து விரல்களும் மடங்கி, இரண்டு கைகளும் மூடிக் கிடந்தன.

முடக்கம் திரும்பி வந்துவிட்டதா? அதற்குள்ளேயா? பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே!

கல்யாணமான மறு வருஷமே அவள் மூட்டுகளில் குடியேறிய முடக்குவாதம் அது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கினது மடங்கினபடி இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மனது வைத்தால் விரியும். அதற்குப் பிறகுதான் தையல் மெஷினில் உட்காருவாள். தெருவே அவளை டெய்லரம்மா என்று கூப்பிட்டது. கட்டியவனும் அப்படித்தான் கூப்பிட்டான்.

காலை வேலைகள் எல்லாம் அவன் தலையில். அதில் முதல் வேலை, அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது.

லாரி எஞ்சினையே பிரித்துப் பூட்டுகிறவன், அந்தக் குட்டிப் பொத்தான்களிடம் ஆரம்பத்தில் படாத பாடு பட்டான். மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் மாட்டிவிடுவான். சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கும். அவள் அப்படியே கடைத்தெருவுக்கெல்லாம் போய்விட்டு வந்து, சாயங்காலம் சாவகாசமாகச் சொல்லிச் சிரிப்பாள்.

பிள்ளை வேண்டும் என்றபோது டாக்டர் மாத்திரையை மாற்றினார். பழையது கருவுக்கு ஆகாதாம். அதன் வீரியம் உடம்பை விட்டுப் போகும் வரை பொறுத்திருக்கச் சொன்னார். பொறுத்திருந்தார்கள். அதற்கப்புறமும் பொறுத்திருந்தார்கள், பிள்ளைதான் வருகிற வழியாகக் காணோம்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவனுடைய அத்தை, அவளை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

“தன் சட்டையையே போட்டுக்க முடியாதவ, புள்ளைக்கு எப்படிப் போட்டுவிடப் போறா?”

வாய்க்கு வாய் பேசுகிறவள் டெய்லரம்மா. அந்தக் கேள்விக்கு மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அந்த ஒரு கேள்விதான் அவளுக்கும் இருந்த பயம் என்று அவனுக்குத் தெரியும்.

ஒருவழியாகக் கரு தங்கியது. நான்காம் மாதம் ஒரு காலையில் அவன் வழக்கம்போலப் பொத்தான் போட வந்தபோது, அவளே போட்டு முடித்திருந்தாள்! அன்றைக்கே இரண்டு பேரும் டாக்டரிடம் ஓடினார்கள்.

சிலருக்கு அப்படி நடக்கும் என்றார் டாக்டர். பிள்ளை வயிற்றில் இருக்கும் வரை வலி ஒதுங்கி நிற்கும், பெற்ற பிறகு திரும்பி வந்தாலும் வரலாம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வரும்போது வரட்டும் என்று டெய்லரம்மா கொண்டாட்டமாக இருந்தாள். டப்பா மூடிகளை வேலையில்லாமல் திறந்து திறந்து மூடினாள். விடிந்ததும் விடியாததுமாக மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். மெக்கானிக்குக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. காலையில் எழுந்ததும் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் மாதிரி கூடத்துக்கும் அறைக்கும் நடந்தான்.

அந்த விரல்கள்தான் இப்போது மறுபடி மடங்கிக் கிடக்கின்றன.

அவன் பதறிக்கொண்டு கிட்டே போனான். டெய்லரம்மா நிமிர்ந்து பார்த்தாள். பத்து விரல்களையும் அவன் மூக்குக்கு நேரே பளிச்சென்று விரித்துக் காட்டிச் சிரித்தாள். பிறகு வேண்டுமென்றே மறுபடி மடக்கிக்கொண்டாள்.

ஒத்திகை!

மடக்கிய விரல்களின் கணுவாலேயே குட்டிச் சட்டையின் முன்பக்கத்தை நெம்பினாள். சர்ரென்று பிரிந்தது. மணிக்கட்டால் இழுத்து, தலையணையின் மேல் சரிசெய்து, கணுவால் ஓர் அழுத்து அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது. பிள்ளையின் தோலில் உரசிவிடாதபடி, ஒட்டுப் பட்டையை வெளி மடிப்பில் வைத்துத் தைத்திருந்தாள்.

கட்டிலில் குட்டிச் சட்டைகள் அடுக்கியிருந்தன. அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எதிலும் பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, முடிச்சுப் போடும் நாடா இல்லை. விரல்கள் நன்றாக இருந்த இத்தனை மாதமும், நன்றாக இல்லாத விரல்களுக்காகத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தையின் கேள்விக்குப் பதிலைக் கையாலேயே சொல்லிவிட்டாள். அவனுக்குப் பெருமை பொங்கியது. கண்ணைத் துடைப்பது தெரியக்கூடாதென்று துண்டால் தலையைத் துவட்டினான்.

அடுக்கின் அடியில் ஒரு பெரிய சட்டை இருந்தது. அதுவும் புதுசு. பிள்ளை பிறந்த பிறகு அவள் போட்டுக்கொள்வதற்கு. கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும் வரிசையாகப் பொத்தான்கள், ஒரு சட்டைக்கு வேண்டியதைவிட அதிகமாகவே.

அவன் அந்தச் சட்டையைப் பார்த்தான். பொத்தான் இல்லாத குட்டிச் சட்டைகளைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அவள் டெய்லர்தானே, தன் சட்டையையும் பொத்தான் இல்லாமல் தைத்துக்கொண்டிருக்கலாமே என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

டெய்லரம்மா தலையணையைக் கீழே வைத்தாள். போட்டிருந்த சட்டையின் மேல் பொத்தானை, நன்றாக இருந்த விரல்களால் தானே கழற்றினாள். பழைய காலைகளில் செய்வது போல மோவாயைத் தூக்கிக் கழுத்தை நீட்டினாள்.

“பராக்குப் பார்த்துட்டு நிக்காதீங்க. போட்டுவிடுங்க.”