இன்னும் கொஞ்சம் தடிமனா

"இதைவிடத் தடிமனா இல்லையா?"

முகத்தைப் பார்க்காமலே ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புத்தகக் கடையின் குழந்தைகள் பிரிவில் நின்று நின்று எத்தனையோ பெற்றோரைப் பார்த்தவள் அவள். படம் போதாது என்பார்கள், எழுத்து பொடியாக இருக்கிறது என்பார்கள், தாள் கிழியுமா என்று சுரண்டிப் பார்ப்பார்கள். பயிற்சிப் புத்தகத்தைக் கையில் தூக்கி எடை பார்க்கிற தகப்பன் இவர் ஒருவர்தான். பில் போடும் பெண் இவருக்கு 'எடைக்கல்' என்று பெயரே வைத்துவிட்டாள்.

"போன வாரம்தானே சார் வாங்கிட்டுப் போனீங்க?"

"முடிச்சிட்டா."

"அது மூணு மாசத்துக்கான புத்தகம் சார்! ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு அட்டையிலயே போட்டிருக்கே."

"போட்டிருக்குங்க. அவ கேக்கணுமே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை. பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டிலேயே வைத்துப் பாடம். இதெல்லாம் முதல் தடவை வந்தபோதே அவர் சொன்னதுதான். அவள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அதே வயதில். ஒரு வரி எழுதச் சொன்னால் தண்ணீர் கேட்கும், ஒன்றுக்குப் போகும், மின்விசிறி ஏன் சுற்றுகிறது என்று விசாரிக்கும். மூன்று மாதப் புத்தகத்தை ஒரு வாரத்தில் முடிக்கிற குழந்தை உலகத்தில் எங்கே இருக்கிறது? மிரட்டி முடிக்க வைக்கிற அப்பன்தான் இருப்பான்.

இருந்தாலும் வியாபாரம் வியாபாரம். ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"இது புதுசு சார். ஸ்டிக்கர் ஒட்டி விளையாடிக்கிட்டே எண்ணக் கத்துக்கலாம்."

"சே, வேண்டாம். காலையில கொடுத்தா மத்தியானத்துக்குள்ள ஒட்டித் தள்ளிடுவா."

"புள்ளிகளைச் சேத்து வரையறது?"

"ஒரே இழுப்பு. அடுத்தது?"

"அப்ப இது. முயல் குட்டி வழி தேடிப் போற புத்தகம்."

அவர் முதல் பக்கத்தில் விரலை வைத்தார். இரண்டு திருப்பம், முயல் வெளியே வந்துவிட்டது. "இவ்வளவு சுலபமா இருக்கே" என்று புத்தகத்தை மூடினார்.

பிறகு அவராகவே அடுத்த அலமாரிக்குப் போய் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை உருவினார். செங்கல் மாதிரி இருந்தது.

"அது எட்டு வயசுக்கு சார்."

"தெரியும். எங்கேயாவது ஒரு இடத்துல அவ முட்டிக்கிட்டு நிக்கணுங்க. அதுதான் வேணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "குழந்தை முட்டிக்கிட்டு நிக்கணும்னு புத்தகம் தேடற அப்பாவை இப்பத்தான் பாக்கறேன்."

"உங்களுக்குப் புரியாது." அவர் நெற்றியைத் தேய்த்தார். "நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே பென்சிலைச் சீவி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. விரல் காய்ச்சுப் போச்சு. போதும்மா, போய் விளையாடுன்னு சொன்னாலும் எந்திரிக்க மாட்டேங்கறா."

"அப்ப புத்தகம் வாங்கறத நிறுத்துங்க!"

"அது முடியாது."

"ஏன் முடியாது?"

அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பக்க எண்ணைப் பார்த்தார். பக்கத்திலிருந்த இன்னொன்றையும் எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்தார்.

"அவங்க அம்மா எதுவும் சொல்றதில்லையா?"

"அவ ஊர்ல இல்ல."

அதுதானே பார்த்தேன், கேட்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"பேசாம பள்ளிக்கூடத்துல சேத்து விடுங்க சார். நாலு பிள்ளைங்களோட ஓடட்டும், அடிச்சுக்கட்டும், சட்டையை அழுக்காக்கிக்கிட்டு வரட்டும்."

"பள்ளிக்கூடம் மட்டும் வேண்டாங்க."

"நீங்க வளக்கறது குழந்தையா, குமாஸ்தாவா?"

கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டாள். அகராதி புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, மெதுவா. மேனேஜர் உள்ளதான் இருக்கார்" என்று பில் போடும் பெண் கண்ணைக் காட்டினாள்.

"இருக்கட்டும். அவர்கிட்டயே சொல்லிக்குங்க சார். என் கையால உங்களுக்கு இனிமே ஒரு புத்தகம்கூட எடுத்துத் தர மாட்டேன்."

பதிலுக்கு அவரும் கத்துவார், வேலைக்கே வேட்டு வைப்பார் என்று காத்திருந்தாள்.

அவர் கத்தவில்லை. குழந்தைகளுக்காகப் போட்டிருந்த குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் முட்ட, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தடித்த புத்தகம் மடியில் கிடந்தது.

"அவ அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு, அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டா. அவ கையில அப்ப ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது. என்ன சொல்றதுன்னு தெரியாம, இதை முடி, வந்துடுவாங்கன்னு சொல்லிட்டேங்க" என்றார். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா எவனாவது உண்மையச் சொல்லிடுவான். இது முடியறதுக்குள்ள எப்படியாவது நானே சொல்லிடறேன். இந்த ஒரு தடவை மட்டும், அவளால சீக்கிரம் முடிக்க முடியாத புத்தகமா ஒண்ணு பாத்துக் கொடுங்க."