எல்லாம் அந்தக் கல்யாணத்தால்

எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தெறியும் குவார்ட்டர்பேக் டென்டன் வீசிய பந்தை மறுபடியும் எதிரணிக்காரன் லட்டு மாதிரி பிடித்துக்கொண்டான். டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த மில்வாக்கி மதுக்கடையே தலையில் அடித்துக்கொண்டது.

“தோள்பட்டை போயிடுச்சுடா அவனுக்கு,” என்றான் லாயிட், பொரித்த சீஸை மென்றபடி.

“தோளும் இல்ல, கோச்சும் இல்ல. எல்லாம் அந்தக் கல்யாணத்தால வந்த வினை,” என்றான் கர்ட். “அதுக்கு முன்னாடி எப்படி எறிஞ்சான்? மகராசி வந்தா, சீசனே நாசமாப் போச்சு.”

“புதுசா வந்தவடா. அவளுக்கு என்ன தெரியும்?” என்றேன்.

“தெரியலன்னா கேக்கணும்,” என்ற கர்ட், குனிந்து என் ஜெர்சியை முகர்ந்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

“எட்டு வருஷமா துவைக்காம காப்பாத்தின ராசியான ஜெர்சிடா இது. வந்த வாரமே சோப்புப் போட்டுட்டாளே உன் பொண்டாட்டி.”