கீர்த்திகாவின் முறை

கரியமாணிக்கம் பள்ளி மைதானத்தில் சாயங்கால வெயில் ஒரு சுண்ணாம்புக் கோட்டின்மேல் பளீரென்று விழுகிறது. அந்தக் கோடுதான் மனிதத் தோல். உடம்பு கிருமியை எப்படி எதிர்க்கிறது என்று நாளை வில்லியனூர் அறிவியல் கண்காட்சியில் போடப்போகும் நாடகத்துக்கு இன்று கடைசி ஒத்திகை. கிருமி வேடம் போட்ட முத்துக்குமார், சட்டையில் குத்திய சிவப்பு ரிப்பன்கள் படபடக்கக் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்கிறான். காவல் நிற்கும் வெள்ளை அணுக்களான பையன்கள் கபடிப் பழக்கத்தில் அவன் காலை வாரி, மேலே விழுந்து அமுக்குகிறார்கள். “இன்னாடா பண்றீங்க? கிருமி வந்த சேதி உள்ள போவணும்டா, கொஞ்சம் வழி வுடுங்கடா!” என்று கத்துகிறார் ஸ்டெல்லா டீச்சர். சேதி கொண்டுபோகும் செல்லான சுகன்யா அந்தக் குவியலுக்குள் கையை விட்டு ஒரு ரிப்பனைப் பிய்த்துக்கொண்டு வேப்ப மரத்துக்கு ஓடுகிறாள். ரிப்பனைப் பார்த்ததும், படையைக் கூப்பிடும் செல்லாக அங்கே நிற்கும் அன்புராஜ் விசிலை ஊதித் தள்ளுகிறான். மரத்தின் பின்னாலிருந்து எதிர்ப்பொருள் வேடம் போட்ட மாணவிகள் கூட்டம் துணி கிளிப்புகளோடு சீறி வந்து, கிருமியின் உடம்பெல்லாம் சடசடவென மாட்டுகிறது. கிளிப் மாட்டிய கிருமியை வெள்ளை அணுக்கள் அலேக்காகத் தூக்கி வெளியே போடுகிறார்கள். ஒரே கூச்சல், புழுதி, கைதட்டல்.

கீர்த்திகா மட்டும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவள் நினைவு செல், ஒருமுறை வந்த கிருமியை மறக்காத செல். இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. சுகன்யா கீழே போட்ட ரிப்பனை எடுத்து விரலில் சுற்றிக்கொள்கிறாள். உள்ளங்கையில் ஒரே ஒரு கிளிப் வேர்வையில் வழுக்குகிறது. முத்துக்குமார் மூச்சு வாங்க, இளித்துக்கொண்டே மறுபடி கோட்டை நோக்கி வருகிறான். இன்னும் விசில் ஊதவில்லை. அவன் கால் உள்ளே பதிவதற்குள் கீர்த்திகா அவன் முன்னால் நிற்கிறாள், கிளிப் அவன் காலரைக் கவ்வியிருக்கிறது.

“ஒன்ன எனக்கு நல்லாத் தெரியும்டா!”