இரண்டு சபேசன்கள்

கூடத்தில் அம்மா, அக்கா கௌசல்யா, சபேசன் மூவரும் இருந்தார்கள். சொந்தக்காரர்கள் சேர்ந்து எழுதும் இணைய வம்சமரத்தில் ஒரே பெற்றோருக்கு இரண்டு சபேசன்கள் இருந்தார்கள். மூத்தவன் மூன்று வயதில் இறந்தவன். அடுத்துப் பிறந்தவனுக்கும் அம்மா அதே பெயரை வைத்தாள். இருவரும் ஒருவர்தானா, இணைக்கலாமா என்று கௌசல்யாவின் மடிக்கணினித் திரை கேட்டது.

“வேற வேற ஆளுன்னு போடுக்கா,” என்றான் சபேசன்.

“ஒரே ஆளுதான்,” என்றாள் அம்மா. “போனவன் திரும்பி வந்தான்.”

“அவனுக்குப் பிடிக்கும்னு பால்கோவாவை எனக்குத் திணிச்சே. எனக்குக் குமட்டும்மா.”

“சாகறதுக்கு முன்னாடி கேட்டுக் கேட்டுத் தின்னியேடா.”

அக்கா தயங்கினாள். அம்மா அவள் கையைத் தள்ளிவிட்டு ‘ஆம்’ என்பதை அழுத்தினாள். மிஞ்சிய ஒரே சபேசனின் பெயருக்குக் கீழே இறந்த தேதி இருந்தது. சபேசன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அம்மா எழுந்து கதவைச் சாத்திப் பூட்டினாள்.